செங்கொடியும் மெதுவண்டியும்



1929-ஆம் ஆண்டில் ரசல் துரை நமது கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காட்டைத் திருத்திய தொழிலாளர்களுக்குத் துணை நின்றவை, ஒரு பழைய நீராவி ரோட் ரோலரும் சில கோவேறு கழுதைகளுமே.

இத்தகைய நீராவி வண்டிகள் பொதுச்சாலைக்கு வந்த காலத்தில் இங்கிலாந்து அவற்றைக் கண்டு அஞ்சியது. 1865-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவை ஊருக்குள் மணிக்கு 2 மைல், வெளியே 4 மைல் வேகத்தைத் தாண்டக் கூடாது. 60 கெஜம் முன்னே ஒருவர் செங்கொடி ஏந்தி நடக்க வேண்டும். 1896-இல் இலேசான மோட்டார் வண்டிகளுக்கு அக்கட்டுப்பாடு நீங்கியது. 14 மைல் வேகம் வரை சட்டம் இடமளித்தது.

அன்று வண்டியிடமிருந்து மக்களைக் காக்க விதி பிறந்தது. இன்றோ, வேக வண்டிகளிடமிருந்து மெதுவண்டியில் செல்பவரையே காக்க வேண்டியுள்ளது. மலேசியாவின் 1987-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி, பதிவும் சாலை வரியும் இல்லாத கோல்ஃப் பக்கி பொதுச்சாலையில் ஓடலாகாது. மின் ஸ்கூட்டர் போன்றவற்றுக்கு 2021 டிசம்பர் 17 முதல் அங்கே தடை.

தானா ராத்தா சாலையின் வளைவுகளை எண்ணிப் பாருங்கள். இறங்கி வரும் லோரிக்காரர், ஊர்ந்து செல்லும் சிறுவண்டியைக் கிட்டே வந்த பின்தான் காண்பார். முன்னே செங்கொடி பிடிக்க இன்று ஆளில்லை. ஆகவே பெற்றோர்களே, பிள்ளைகளின் மின் ஸ்கூட்டர் வீட்டு முற்றத்தோடு நிற்கட்டும்.