1909: வேண்டாத அழைப்பைத் தடுக்கும் விதிகளின் வரலாறு

விளம்பர அழைப்பு தன் தொலைபேசிக்கு வர வேண்டாம் என்று ஒருவர் பதிந்துகொள்ளும் ஏற்பாடு இந்தியாவில் 2007 அக்டோபர் 12 அன்று நடைமுறைக்கு வந்தது. ட்ராய் எனப்படும் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் அதே ஆண்டு ஜூன் 5 அன்று வெளியிட்ட விதிகள் அதற்கு அடிப்படை. அந்த விதிகள் 2010இலும் 2018இலும் முழுவதுமாக மாற்றி எழுதப்பட்டன. 2025இல் பெரிய திருத்தம் ஒன்றும் வந்தது. முதல் விதிகள் எழுதப்பட்டபோது டெல்லியிலும் மும்பையிலும் கடன் அட்டை வைத்திருந்தவர்களின் தொல்லைதான் பேச்சாக இருந்தது. இன்று காஞ்சிபுரம் மாவட்டத்தின் உத்திரமேரூர் வட்டத்தில் ஏரிப் பாசனத்தில் நெல் விளைவிக்கும் குடும்பத்துக்கும், ஒரகடம் தொழிற்சாலைப் பேருந்துக்காகக் காத்திருக்கும் இளைஞருக்கும் அதே அழைப்புகள் வருகின்றன: தனிநபர் கடன், நகைக்கடன், மனை விற்பனை, காப்பீடு. அங்கிருந்து பார்க்கும்போதுதான் இந்த விதிகளின் குறையும் நிறையும் தெளிவாகத் தெரிகின்றன.

கிராமத்துக்கு விற்பனைக் குரல் புதிதல்ல. உப்பு, மீன், பாத்திரம் விற்பவர்கள் தெருவில் கூவிக்கொண்டு போனார்கள். ஊராட்சி அறிவிப்புக்குத் தண்டோரா இருந்தது. பறை அடித்து அறிவிக்கும் அந்த வேலை ஒரு சமூகத்தார் மீதே சுமத்தப்பட்டு வந்ததால், அதை நிறுத்தி ஒலிபெருக்கி கட்டிய வண்டிகளைப் பயன்படுத்துமாறு தமிழகத் தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு 2022 ஆகஸ்டில் மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். கூம்பு ஒலிபெருக்கி வந்த பிறகு திருமண வீடு, கோயில் திருவிழா, தேர்தல், ஜவுளிக்கடைத் தள்ளுபடி எல்லாம் ஊர் முழுக்கக் கேட்டன. கேட்க விரும்பாதவருக்கு என்ன உரிமை என்ற கேள்வி இந்தியச் சட்டத்தில் முதலில் ஒலிபெருக்கியை வைத்துத்தான் தீர்க்கப்பட்டது. அதில் ஒரு முக்கிய வழக்கு தமிழ்நாட்டிலிருந்தே போனது. சென்னை மாதவரம் நெடுஞ்சாலையில் ஒரு பிரார்த்தனைக் கூடத்தின் ஒலிபெருக்கி, மேள ஓசை குறித்து அக்கம்பக்கத்தார் தொடுத்த வழக்கில், பிறர் அமைதியைக் குலைத்துத்தான் வழிபட வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2000 ஆகஸ்ட் 30 அன்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு வந்த ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை போட்டன. 2005 ஜூலை 18 அன்று நீதியரசர் லகோட்டி அமர்வு இன்னும் ஒரு படி மேலே போனது. பேச ஒருவருக்கு உரிமை உண்டென்றால் கேட்க மறுக்க மற்றவருக்கும் உரிமை உண்டு, கட்டாயப்படுத்தி யாரையும் கேட்க வைக்க முடியாது என்று அது சொன்னது. விளம்பர அழைப்பு பற்றிய விவாதம் அனைத்துக்கும் இந்த ஒரு கருத்தே அடித்தளம்.

தொலைபேசி வந்த புதிதில் கிராமத்தில் அது ஒரு கடையிலோ அஞ்சலகத்திலோ இருக்கும். அழைப்பு வந்தால் ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள். பெரும்பாலும் பிறப்பு, இறப்பு, ஆஸ்பத்திரிச் செய்தி. 1995இல் நாட்டில் கைபேசி அறிமுகமானபோது, வரும் அழைப்புக்கும் பெறுபவரே காசு கட்ட வேண்டியிருந்தது. அழைப்பவரே கட்டணம் செலுத்தும் முறை 2003 மே மாதம்தான் வந்தது. அதன் பிறகும் வேறு மாநிலத்தில் ரோமிங்கில் இருப்பவருக்கு வரும் அழைப்பு காசு தின்றது. பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவர், கடன் வேண்டுமா என்று கேட்கும் குரலுக்குத் தன் ரீசார்ஜிலிருந்து பணம் கொடுத்தார். விற்பனையாளரின் செலவை வாடிக்கையாளர் சுமந்த காலம் அது. பிறகு கட்டணம் விழுந்து, ஒரு அழைப்பின் விலை ஏறக்குறைய ஒன்றுமில்லை என்றானதும், ஆயிரம் பேரைக் கூப்பிட்டு ஒருவரைப் பிடித்தாலும் லாபம் என்ற கணக்கு பிறந்தது. இப்போது வாடிக்கையாளரிடமிருந்து எடுக்கப்பட்டது காசுக்குப் பதில் நேரம்.

2005இல் ஒரு வழக்கறிஞர் இத்தகைய அழைப்புகளுக்கு எதிராக உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். அந்த அழுத்தத்தில் பிறந்தவைதான் 2007ஆம் ஆண்டு விதிகள். 1909 என்ற எண்ணில் ஒருவர் பதிந்தால், அவர் எண் தேசிய அளவிலான 'அழைக்க வேண்டாம்' பதிவேட்டில் சேரும். விளம்பர நிறுவனங்கள் தங்கள் பட்டியலை அந்தப் பதிவேட்டோடு ஒப்பிட்டு, பதிந்தவர்களை நீக்கிவிட்டே அழைக்க வேண்டும். மீறினால் முதல் அழைப்புக்கு 500 ரூபாய், அடுத்தடுத்த அழைப்புக்கு 1,000 ரூபாய். பதிவு பலன் தர 45 நாள் ஆகலாம். இந்த அமைப்பில் ஓட்டை தொடக்கத்திலேயே இருந்தது. பதிவு பெற்ற நிறுவனம் விதியைக் கடைப்பிடிக்கும். பதிவு பெறாத தரகரோ சாதாரண சிம் ஒன்றை வாங்கி அழைப்பார், எந்தப் பதிவேட்டையும் பார்க்க மாட்டார். அபராதத்தில் ஒரு பைசாகூடத் தொல்லைப்பட்டவருக்குப் போகாது.

2010 ஆகஸ்டில் அன்றைய நிதியமைச்சர் பிரணாப் முகர்ஜிக்கே, முக்கியக் கூட்டம் ஒன்றின் நடுவில், வீட்டுக்கடன் வேண்டுமா என்று ஓர் அழைப்பு வந்தது. நாட்டின் கருவூலத்தைக் கவனித்தவருக்கு நேர்ந்த இந்தச் சம்பவம் செய்தியானதும் விதிகளின் மறுபரிசீலனையில் வேகம் கூடியது. விரும்புகிறவர்கள் மட்டும் பதிந்துகொள்ளட்டும், மற்றவர்களை யாரும் அழைக்கக் கூடாது என்ற தலைகீழ் ஏற்பாட்டையும் ட்ராய் அப்போது பரிசீலித்தது. அது ஏற்கப்பட்டிருந்தால் அடுத்த பதினைந்து ஆண்டுத் தொல்லையில் பெரும்பகுதி மிச்சமாகியிருக்கும். டிசம்பர் 1 அன்று வந்த விதிகள் பழைய வழியிலேயே போயின: பேசாமலிருந்தால் சம்மதம், மறுத்தால்தான் தடை. எண் ஒதுக்கீட்டுச் சிக்கலால் அவையும் 2011 செப்டம்பர் 27 அன்றுதான் அமலாயின. வங்கி, மனை, கல்வி, மருத்துவம், நுகர்பொருள், தகவல் தொடர்பும் பொழுதுபோக்கும், சுற்றுலா என ஏழு வகைகளில் வேண்டியதை மட்டும் அனுமதிக்கலாம், எல்லாவற்றையும் அடைக்கலாம். விளம்பர அழைப்புக்கு 140 என்று தொடங்கும் எண் ஒதுக்கப்பட்டது. இரவு 9 முதல் காலை 9 வரை அழைக்கக் கூடாது. தவறும் நிறுவனத்தின் வைப்புத்தொகையில் 25,000 ரூபாயில் தொடங்கிப் பிடிப்பார்கள். தொடர்ந்து தவறினால் இரண்டு ஆண்டு கறுப்புப் பட்டியல்.

காகிதத்தில் இது நல்ல விதி. கையில் பட்டன் போன் வைத்திருக்கும் ஒருவர் அதைப் பயன்படுத்த என்ன செய்ய வேண்டியிருந்தது என்று பார்க்கலாம். முதலில் 'ஸ்டார்ட் 0' என்று ஆங்கில எழுத்தில் தட்டி 1909க்கு அனுப்ப வேண்டும். ஏழு நாள் காத்திருக்க வேண்டும். அதன் பிறகும் அழைப்பு வந்தால், மூன்று நாளுக்குள், அழைத்த எண், தேதி, மணி, நிமிடம், பேசியதன் சுருக்கம் எல்லாவற்றையும் குறிப்பிட்ட வரிசையில், அதுவும் ஆங்கிலத்தில், ஒரே குறுஞ்செய்தியாக அனுப்ப வேண்டும். வரிசை பிசகினால் புகார் நிற்காது. நடவு வயலில் சேற்றுக் கையோடு போனை எடுத்தவர் அந்த எண்ணைக் குறித்து வைப்பாரா? 1909க்கு நேரடியாகப் பேசியும் பதியலாம் என்பதே பலருக்குத் தெரியாது. ட்ராய் 2016இல் புகாருக்கென்று ஒரு செயலி கொண்டுவந்தது. ஸ்மார்ட்போன் உள்ளவர்களுக்கு அது உதவியது. அத்தனை வேலையும் தொல்லைப்பட்டவர் தலையில், தொல்லை கொடுத்தவருக்கு ஒரு பொத்தான் அழுத்தம் மட்டுமே. இந்த விதிகளில் அநியாயம் எங்கே என்று தேடினால் அது இங்கேதான் இருக்கிறது.

விற்பவர் தரப்பு வாதமும் எளிதாகத் தள்ளிவிடக் கூடியதல்ல. வணிக விளம்பரமும் அரசியலமைப்பின் 19(1)(அ) பிரிவு காக்கும் பேச்சுதான் என்று 1995இல் டாடா பிரஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. ட்ராய் ஒருமுறை இந்த எல்லையைத் தாண்டியும் இருக்கிறது. மொத்தச் செய்திகளைத் தடுக்க ஒரு சிம்முக்கு ஒரு நாளைக்கு 200 குறுஞ்செய்தி என்று அது விதித்த உச்சவரம்பு, வணிகமே செய்யாத சாதாரண மனிதரின் பேச்சையும் கட்டியது. டெல்லி உயர் நீதிமன்றம் 2012 ஜூலையில் அதை நீக்கியது சரியான தீர்ப்பு. ஆனால் பதிவேட்டின் நிலை வேறு. அங்கே அரசு யார் வாயையும் அடைக்கவில்லை. தன் போனுக்கு எது வரலாம் என்று அதை வைத்திருப்பவர் முடிவு செய்கிறார். அமெரிக்காவில் 2003இல் இதே போன்ற பதிவேடு திறந்த நான்கு நாளில் ஒரு கோடி எண்கள் பதிவாயின. விளம்பர நிறுவனங்கள் பேச்சுரிமை பேசி வழக்காடின. 2004 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் பதிவேட்டை நிலைநிறுத்தியது. தேர்வு செய்பவர் வீட்டுக்காரரே என்பது அந்தத் தீர்ப்பிலும் முக்கியக் காரணம்.

சிறு வணிகரின் குறை இன்னும் நியாயமானது. 2018 ஜூலை 19 அன்று வந்த புதிய விதிகள் பிளாக்செயின் தொழில்நுட்பத்தைப் புகுத்தின. மொத்தமாகச் செய்தி அனுப்பும் ஒவ்வொரு நிறுவனமும் தன்னையும், அனுப்பும் பெயரையும், செய்தியின் வாசகத்தையும் முன்கூட்டியே பதிந்து ஒப்புதல் பெற வேண்டும். பெரிய வங்கிக்கு அது ஒரு அலுவலரின் வேலை. உத்திரமேரூர் கடைத்தெருவில் விதையும் உரமும் விற்பவர், தன் முந்நூறு வாடிக்கையாளருக்குப் புது நெல் ரகம் வந்திருக்கிறது என்று சொல்ல அந்த வழி முழுவதையும் கடக்க வேண்டும். தொலைக்காட்சியில் விளம்பரம் தரும் வசதி அவருக்கு இல்லை. தடை நியாயம் என்றாலும், சிறியவருக்கு எளிய பதிவு வழி வேண்டும் என்ற கோரிக்கையும் நியாயமே. இயந்திரமும் முதலில் இடறியது. 2021 மார்ச் 8 அன்று செய்திகளைச் சலிக்கத் தொடங்கியதும் விளம்பரத்தோடு ஓடிபியும் நின்றுபோனது. வங்கிப் பரிமாற்றம், ஆதார், தடுப்பூசிப் பதிவு எல்லாம் தடுமாறின. மறுநாளே ட்ராய் அதை ஒரு வாரம் நிறுத்தி வைத்தது.

இப்படி வேண்டியதும் நின்றுவிடும் என்ற அச்சம் கிராமத்தில் ஆழமானது. ரேஷன் கடையில் பொருள் வாங்கியதற்கான செய்தி, நூறு நாள் வேலைக் கூலி வங்கியில் ஏறிய செய்தி, சிலிண்டர் பதிவு, நெல் கொள்முதல் தகவல் எல்லாம் அதே போனில்தான் வருகின்றன. எல்லாவற்றையும் அடைத்தால் இவையும் நின்றுவிடுமோ என்று நினைத்துப் பதியாமலிருப்பவர்கள் உண்டு. விதிப்படி இவை நிற்காது. பரிவர்த்தனைச் செய்தியும் அரசுச் செய்தியும் முழுத் தடை போட்டவருக்கும் போய்ச் சேரும். கட்சிகளின் அழைப்பும் வணிக விதிக்குள் வராது. 2004 தேர்தலில் வாஜ்பாயின் பதிவு செய்த குரல் போன்களில் ஒலித்தது முதல் அந்த வழக்கம் நீடிக்கிறது; மொத்தக் குரல் செய்திகளுக்குத் தேர்தல் ஆணையத்தின் முன் சான்று மட்டும் வேண்டும். கேட்க மறுக்கும் உரிமை கடன் விற்பவரிடம் செல்லும், வாக்குக் கேட்பவரிடம் செல்லாது என்பதற்கு வலுவான காரணம் எதுவும் சொல்லப்படவில்லை.

பதிவு பெறாதவர்களின் ஓட்டையை அடைக்க 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டின் முதல் ஆறு மாதத்தில் மட்டும் அவர்கள் மீது 7.9 லட்சத்துக்கு மேல் புகார் வந்தது. ஆகஸ்ட் 13 அன்று ட்ராய் இட்ட உத்தரவின்படி, ஒரு நிறுவனம் பிடிபட்டால் அதன் பெயரிலுள்ள எல்லா இணைப்புகளும் துண்டிக்கப்படும். 24 மணி நேரத்துக்குள் மற்ற எல்லாத் தொலைபேசி நிறுவனங்களுக்கும் தகவல் போகும், அவையும் துண்டிக்கும். செப்டம்பர் தொடக்கத்துக்குள் 2.75 லட்சம் எண்கள் துண்டிக்கப்பட்டன. தவறியவர் வேறு வாசல் வழியாகத் திரும்பி வருவதைத் தடுக்கும் யோசனை உத்திரமேரூருக்குப் பழையது. வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டிய குடவோலைக் கல்வெட்டுகள், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரை விலக்குவதோடு நிற்கவில்லை. அவருடைய நெருங்கிய உறவினரின் பெயரையும் குடத்தில் இடக் கூடாது என்று உறவுமுறைகளை வரிசையாகச் சொல்கின்றன. ஆளை மட்டும் நீக்கினால் உறவினர் பெயரில் அதே கை திரும்பி வரும் என்பதை அந்தச் சபை அறிந்திருந்தது. ஒரு சிம்மை முடக்கினால் இன்னொரு சிம்மில் அதே குரல் வரும் என்பதைத் தொலைத்தொடர்புத் துறை பதினேழு ஆண்டு கழித்துக் கற்றது.

2025 பிப்ரவரி 12 அன்று வந்த திருத்தம் சுமையை ஓரளவு இடம் மாற்றியது. பதிவு பெறாத எண்ணிலிருந்து விளம்பரம் வந்தால், தான் முன்பே பதியாதவராக இருந்தாலும் ஒருவர் புகார் தரலாம். மூன்று நாள் அவகாசம் ஏழு நாளானது. நடவடிக்கைக்கான காலம் 30 நாளிலிருந்து ஐந்து நாளாகச் சுருங்கியது. பத்து நாளில் ஐந்து புகார் வந்தாலே போதும். முதல் முறை 15 நாள் வெளியழைப்பு நிற்கும், மறுபடி தவறினால் ஓராண்டு துண்டிப்பு. புகார்க் கணக்கைத் தவறாகக் காட்டும் தொலைபேசி நிறுவனத்துக்கும் 2 லட்சம் முதல் 10 லட்சம் ரூபாய் வரை தண்டம் உண்டு. வங்கிகள் சேவை அழைப்புக்கு 1600 வரிசை எண்ணையும் விளம்பரத்துக்கு 140 வரிசையையும் பயன்படுத்த வேண்டும் என்று ரிசர்வ் வங்கி அதே ஆண்டு ஜனவரியில் அறிவுறுத்தியது.

அடுத்து மிச்சமிருப்பது சம்மதம் என்ற விஷயம். பதிவேட்டில் பெயர் இருந்தாலும், வாடிக்கையாளர் முன்பே சம்மதம் கொடுத்திருக்கிறார் என்று ஒரு நிறுவனம் சொன்னால் அழைப்பு செல்லும். கிளையில் கடன் மனுவில் பத்து இடத்தில் கையெழுத்துப் போடும் விவசாயி, அதில் ஒரு பெட்டியில் விளம்பரத்துக்கும் ஒப்புக்கொண்டிருப்பதை அறிவதில்லை. 2023ஆம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, குறிப்பிட்ட வகைச் செய்திகளுக்கு முன் சம்மதம் பெற வேண்டும் என்று விதிக்க அரசுக்கு அதிகாரம் தருகிறது. காகிதச் சம்மதங்களுக்குப் பதிலாக, எவருக்கு எப்போது சம்மதம் கொடுத்தோம் என்று பார்க்கவும் திரும்பப் பெறவும் கூடிய மின்னணுப் பதிவை ட்ராயும் ரிசர்வ் வங்கியும் சேர்ந்து 2025 ஜூனில் சில வங்கிகளோடு சோதனையாகத் தொடங்கின.