அடிமை ஓலையும் அன்னையின் திருநாளும்

ஆண்டுதோறும் ஆகஸ்ட் 5-ஆம் நாள் தூத்துக்குடித் தூய பனிமய அன்னையின் திருவடியில் நாம் கூடுகிறோம். 'அடியேன்' என்றும் 'உமக்கு அடிமை' என்றும் சொல்லி மன்றாடுகிறோம். மரியன்னை தம்மை ஆண்டவரின் அடிமை என்று அறிவித்தமையால், அச்சொல் நம் செபங்களில் இனிக்கிறது. ஆனால், இதே முத்துக்குளித்துறையில் அது ஒரு காலத்தில் கப்பற்சரக்கின் பெயராகவும் இருந்தது. அதனை இங்கே சற்று எண்ணிப் பார்ப்போம்.

அடிமை வாணிபம் என்றதும் அட்லாண்டிக் பெருங்கடல் வழியே அமெரிக்காவுக்குக் கப்பலேற்றப்பட்ட ஆப்பிரிக்க மக்களே நம் நினைவுக்கு வருகின்றனர். அவர்கள் தொகை ஏறத்தாழ 1 கோடியே 25 இலட்சம் என்பர் வரலாற்றாசிரியர். இவ்வாணிபம் நம் கடலிலும் நடந்தது. போர்த்துக்கீசியர் மொசாம்பிக்கிலிருந்து ஆப்பிரிக்கரைக் கோவாவுக்கும் இலங்கைக்கும் கொண்டுவந்து, வீட்டு வேலையிலும் போர்ப்பணியிலும் ஈடுபடுத்தினர். 'காப்பிரி' என்பது அவர்களுக்கு வழங்கிய பெயர். 'நம்பிக்கையற்றவர்' எனப் பொருள்படும் அரபுச் சொல்லின் வழி வந்தது அது. திருமுழுக்குப் பெற்ற பின்னரும் அப்பெயர் அவர்களை விட்டு நீங்கவில்லை.

திருச்சபையின் பங்கையும் நாம் மறைத்தல் தகாது. பிற சமயத்தாரை நிரந்தர அடிமைகளாக்கப் போர்த்துக்கீசிய மன்னருக்கு 1455-இல் இசைவளித்தவர் திருத்தந்தை ஐந்தாம் நிக்கோலாசு. அமெரிக்கப் பழங்குடியினரையும், இனி அறியப்படவிருக்கும் மக்களையும் அடிமைப்படுத்தலாகாது என 1537-இல் அறிவித்தவர் மூன்றாம் பவுல். நம் பரதவ முன்னோர் பல்லாயிரவர் திருமுழுக்குப் பெற்ற காலமும் அதுவே. ஆயினும், ஆப்பிரிக்கரை விற்கும் வாணிபத்தை ஒரு திருத்தந்தை வெளிப்படையாகக் கண்டிக்க 1839 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

1658-இல் தூத்துக்குடி ஒல்லாந்தர் வசமாயிற்று. அவர்களது கம்பெனி கொழும்பில் தன் அடிமைகளைத் தங்கவைத்த இடம், ஆங்கிலத்தில் 'அடிமைத் தீவு' என்றே பெயர் பெற்றது. தமிழர் அதனைக் கொம்பனித் தெரு என்பர். கண்டியில் கைதியாயிருந்த ஆங்கிலேயர் இராபர்ட் நாக்ஸ் 1681-இல் வெளியிட்ட நூலில், அந்நாட்டு மன்னர் தம் குடிகளைவிட ஆப்பிரிக்கக் காவலரையே மிகுதியாக நம்பினார் என்று குறிக்கிறார். பின்வந்த ஆங்கிலேயரும் ஆப்பிரிக்கரை வாங்கிப் படையில் சேர்த்தனர். அவர்தம் வழித்தோன்றல்கள் புத்தளத்தை அடுத்த சிராம்பியடியில் இன்றும் வாழ்கின்றனர். அவர்களுள் கத்தோலிக்கர் பலர். போர்த்துக்கீசியச் சொற்கள் கலந்த அவர்களது 'மாஞ்சா' பாடல்களே அவர்களுக்கு எஞ்சிய முதுசொம்.

இனி நம்மவரைப் பற்றிக் கூற வேண்டும். ஆளை எழுதிக் கொடுக்கும் ஓலை வெள்ளையர் கொண்டுவந்ததன்று. அது நம் மண்ணில் முன்னரே இருந்தது. பஞ்சமும் போரும் வந்தபோது கம்பெனியின் கப்பல் அதற்குப் பெருஞ்சந்தை ஆயிற்று. 1659 முதல் 1661 வரை சோழமண்டலக் கரையில் கம்பெனி வாங்கியோர் 8,000 முதல் 10,000 பேர். 1673-இல் தொடங்கிய வறட்சியை அடுத்து, 1677-க்குள் மதுரைக் கரை எனப்பட்ட நம் கரையிலிருந்து மட்டும் 1,839 பேர் அனுப்பப்பட்டனர். கணக்கேடு தொகையைக் காத்துள்ளது. அவர்களை வளர்த்த தாய்மாரின் அழுகையைக் காக்கவில்லை.

தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்கு 1652 முதல் 1808 வரை ஏறத்தாழ 63,000 அடிமைகள் கொண்டுசெல்லப்பட்டனர். ஏறக்குறைய காற்பங்கினர் ஆப்பிரிக்கப் பெருநிலத்தவர். காற்பங்கினர் மடகாஸ்கர் தீவினர். காற்பங்கினர் இந்தியாவிலும் இலங்கையிலுமிருந்து சென்றவர். எஞ்சியோர் இந்தோனேசியத் தீவினர். ஆப்பிரிக்கரின் துயரம் அயலாரின் கதையன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? ஒரே தலைவனின் வீட்டில் அவர்களும் நம்மவரும் உடன் உழைத்தனர்.

அந்த 1677-ஆம் ஆண்டு, அதே ஆகஸ்ட் 5-ஆம் நாள், கோவாவின் சங்கோலே ஊரில் ஓர் இளங்குரு தம்மை மரியன்னைக்கு அடிமையாக எழுதிக் கொடுத்தார். அவரே புனித யோசேப் வாஸ். 1687-இல் கூலியாள் கோலத்தில் தூத்துக்குடியிலிருந்து கடல் கடந்து, ஒல்லாந்தர் குருக்களைத் தடைசெய்திருந்த இலங்கையை அடைந்தார். 2015-இல் கொழும்பில் அவர் புனிதராக உயர்த்தப்பட்டார். தாமே விரும்பி எழுதிய ஓலை அவரை ஏழைகளின் பணியாளராக்கியது. பசியும் போரும் எழுதிய ஓலையோ மனிதரைச் சரக்காக்கியது. சொல் ஒன்றுதான், இரண்டிற்கும் இடையே உள்ளது விடுதலை. தன்னை உடையவனே தன்னைக் கொடுக்க முடியும். ஆகவேதான் பவுலடியார் ஒனேசிமைத் திருப்பி அனுப்பியபோது, அவரை அன்புச் சகோதரராக ஏற்குமாறு பிலமோனைக் கேட்டுக்கொண்டார்.

கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்தது. ஆயினும், முன்பணம் வாங்கிய குடும்பங்கள் செங்கற்சூளைகளிலிருந்து மீட்கப்படும் செய்திகளை நாம் இன்றும் படிக்கிறோம். 'அடியேன்' என்று அன்னையின்முன் சொல்லும் நாம், நம் வீட்டிலும் தொழிலிலும் எவரையேனும் அடிமையாக வைத்திருக்கிறோமா? அடுத்த திருநாளில் அந்த 1,839 பேருக்காகவும், காப்பிரி என்று அழைக்கப்பட்டோருக்காகவும் ஒரு மெழுகுதிரி ஏற்றுவோம். அவர்களுடைய பெயர்களை இறைவன் அறிவார்.