சாட்சியின் வாயைக் கட்டுதல்

பண்டைய எகிப்தியர்கள் மூளையை மதிக்கவே இல்லை. பிணத்தைப் பதப்படுத்தும்போது மூக்கு வழியே கொக்கி விட்டு, கிளறி எடுத்துப் போட்டுவிடுவார்கள். அவ்ளோதான். நுரையீரல், கல்லீரல், இரைப்பை, குடல் நான்கும் தனித்தனி ஜாடிகளுக்குப் போகும். இதயத்தை மட்டும் பெரும்பாலும் நெஞ்சுக்குள்ளேயே விட்டுவைப்பார்கள். யோசிப்பதும் ஞாபகம் வைத்துக்கொள்வதும் அதன் வேலை என்பது நம்பிக்கை. பிறகு சுமார் 40 நாள் உடல் நேட்ரான் உப்பில் கிடந்து காயும். எண்ணெய், பிசின், லினன் துணிச் சுற்று எல்லாம் சேர்த்து மொத்தம் 70 நாள்.

இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய இதயத்தைப் பார்த்து அவர்கள் பயந்தும் இருக்கிறார்கள்.

செத்தவர் ஓசிரிஸின் சபையில் நிற்க வேண்டும். திருடவில்லை, கொல்லவில்லை, எடையில் ஏமாற்றவில்லை என்று 42 தெய்வங்கள் முன் சொல்ல வேண்டும். தராசில் ஒரு பக்கம் இதயம், மறுபக்கம் மாஅத்தின் இறகு. தோத் கணக்கு எழுதுவார். இதயம் கனத்தால், முதலைத் தலையும் நீர்யானைப் பின்பக்கமும் கொண்ட அம்மித் அதைத் தின்றுவிடும். அப்புறம் மறுமை கிடையாது.

வாய் என்ன வேணும்னாலும் சொல்லலாம். இதயம் கூடவே இருந்து பார்த்ததாச்சே! அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். கல்லில் செதுக்கிய ஒரு வண்டை மம்மியின் மார்பில் வைத்தார்கள். அதில் இதயத்திடம் ஒரு வேண்டுகோள்: எனக்கு எதிராகச் சாட்சி சொல்லாதே. இறந்தோர் நூலில் இது 30பி என்ற மந்திரம்.

சோபெகெம்சாஃப் என்ற அரசனின் பெயர் பொறித்த, தங்கச் சட்டமிட்ட அப்படியொரு பச்சைக்கல் வண்டு பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அரசனுக்கும் அந்தப் பயம்!

அதே பெயர்கொண்ட ஓர் அரசனின் கல்லறையை ஆமென்பநூஃபர் என்ற கல்தச்சன் கூட்டாளிகளோடு கொள்ளையடித்தான். கி.மு. 1100-ஐ ஒட்டி, ஒன்பதாம் ராமேசஸ் காலத்தில் நடந்த விசாரணையில் அவன் கொடுத்த வாக்குமூலம் பாப்பிரஸில் மிஞ்சியிருக்கிறது. மம்மிகளிலிருந்து தங்கத்தை உரித்தோம், சவப்பெட்டிகளுக்குத் தீ வைத்தோம் என்கிறான். முதல்முறை பிடிபட்டபோது தன் பங்குத் தங்கத்தை ஒரு எழுத்தரிடம் கொடுத்து வெளியே வந்ததையும் சொல்கிறான். அரசனின் கல்லறைக்குள் போய்வந்தவனுக்கே மறுமைப் பயம் இல்லை.

கொள்ளைக்காரன் கடைசியில் பேசிவிட்டான். அரசர்கள்தான் பேசாமலிருக்க ஏற்பாடு செய்துகொண்டு போனார்கள். மனசாட்சி என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதை அவர்கள் நிஜமாகவே நெஞ்சுக்குள் சாட்சியாக வைத்திருந்தார்கள். அதைத் தூக்கியெறியவும் மனசில்லை, பேசவிடவும் தைரியமில்லை. 3,000 வருஷத்தில் இந்த விஷயத்தில் நாம் பெரிதாக மாறிவிட்டதாகத் தெரியவில்லை.