முதுகெலும்பும் கைவைத்தியமும்

ருகூவில் குனிந்தவர் நிமிர இயலாமல் நாற்காலித் தொழுகைக்கு மாறுவதை நம் பள்ளிவாசல்களில் காண்கிறோம். 'டிஸ்க் விலகிவிட்டது' என்பார்கள். உடனே ஒருவர், கையால் சரிசெய்பவரிடம் அழைத்துச் செல்ல முன்வருகிறார்.

கைமுறை பழமையானதுதான். இடம்பெயர்ந்த முள்ளெலும்பை, நோயாளியைப் படுக்கவைத்து இழுத்து அழுத்தும் முறையைக் குர்துபாவின் அஸ்ஸஹ்ராவி தம் 'அத்தஸ்ரீஃப்' நூலில் எழுதினார். 1465-இல் அமாசியாவின் ஷரஃபுத்தீன் சபுன்ஜுஒக்லு அதைப் படத்துடனேயே துருக்கிய மொழியில் தந்தார்.

கைரோபிராக்டிக் 1895-இல் அமெரிக்காவின் டேவன்போர்ட்டில் டேனியல் பாமர் தொடங்கியது. அவர் முதலில் குணப்படுத்தியதாகச் சொன்னது முதுகுவலியை அன்று, செவிட்டுத்தன்மையை!

பிதுங்கிய டிஸ்க் நரம்பை அழுத்துவதால் காலுக்கு வலி இறங்குகிறது என்பதைப் பாஸ்டன் மருத்துவர்கள் மிக்ஸ்டரும் பாரும் 1934-இல்தான் தெளிவாக நிறுவினர். ஆக, முன்னோர் சீராக்க முனைந்தது எலும்பை, டிஸ்க்கை அன்று. அதைக் கையால் உள்ளே தள்ள இயலாது. பலருக்குச் சில மாதங்களில் தானே சுருங்குகிறது. பயிற்சி பெற்றவரின் கைமுறை சிலருக்கு வலியைத் தணிக்கலாம். அதுவும் மருத்துவர் பரிசோதித்த பின்னரே. கால் பலமிழந்தாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, சிறுநீர்க் கட்டுப்பாடு தவறினாலோ அந்நேரமே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். முதுகில் எவரும் கைவைக்கலாகாது.