ஓடாத கார் ஏசியை கழற்றி எடுத்துடலாமா? பழைய கார் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது என்ன?

மாருதி 800 உற்பத்தி 2014-லேயே நின்றுபோச்சு. ஆனாலும் திண்டுக்கல் டவுனிலும், ஒட்டன்சத்திரம், வத்தலக்குண்டு, நத்தம் சாலைகளிலும் அந்தக் காலத்து 800, ஆம்னி, சென், சான்ட்ரோ கார்கள் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. இந்த வயசு கார்களில் முதலில் கைவிடப்படுவது பெரும்பாலும் ஏசிதான். ஒருமுறை கேஸ் அடிச்சு, அடுத்த கோடைக்குள் அது மறுபடியும் இறங்கிப்போனால், "இனி எதுக்கு செலவு பண்ணணும்" என்று விட்டுவிடுவார்கள். பிறகு அடுத்த யோசனை வரும்: "சும்மா கிடக்குற சுமைதானே, கழட்டிப் போட்டா மைலேஜாவது கூடுமே?"

கழற்றலாம். ஆனால் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள் சில இருக்கின்றன. அதில் ஒன்று உங்கள் கண்பார்வை சம்பந்தப்பட்டது.

மைலேஜ் உண்மையிலேயே கூடுமா?

பெரிதாகக் கூடாது. ஏசி சுவிட்ச் ஆஃபில் இருக்கும்போது கம்ப்ரசருக்குள் இருக்கும் பாகங்கள் சுற்றுவதில்லை. முன்னால் இருக்கும் புல்லி மட்டும் பெல்ட்டோடு சேர்ந்து சும்மா சுற்றும். உள்ளே இருக்கும் ஷாஃப்டை அதோடு இணைப்பது காந்த கிளட்ச். ஏசி போட்டால்தான் அது பிடிக்கும். அதனால் போடாத ஏசி குடிக்கும் பெட்ரோல் மிக மிகக் குறைவு. எடையைப் பார்த்தாலும் கம்ப்ரசர், கன்டென்சர், பைப் எல்லாம் சேர்த்து பின் சீட்டில் ஒரு சின்னப் பையன் உட்கார்ந்த கணக்குதான்.

கழற்றுவதற்கு நியாயமான காரணங்கள் வேறு. கம்ப்ரசர் பேரிங் போய் கரகரவென்று சத்தம் வருவது ஒன்று. ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கன்டென்சரில் தூசியும் பூச்சியும் அடைத்து, சித்திரை வெயிலில் என்ஜின் சூடாவது இன்னொன்று. இரண்டாவது பிரச்சினை அந்தக் கன்டென்சரை நன்றாகக் கழுவினாலே பல நேரம் தீர்ந்துவிடும்.

"கூலிங் வரல, அப்போ கேஸ் இல்ல" - இது தப்பு

காயம் படுவது இந்த நினைப்பால்தான். கிளட்ச் போயிருக்கலாம், ரிலே போயிருக்கலாம், ஒரு வயர் அறுந்திருக்கலாம். கூலிங் வராது, ஆனால் உள்ளே கேஸ் முழுசாக இருக்கும். கார் ஓடாமல் நின்றாலும், பைப்புக்குள் கேஸ் கொஞ்சம் திரவமாக மிச்சமிருந்தால் போதும், 35 டிகிரி வெயிலில் அழுத்தம் 110 பிஎஸ்ஐ-யைத் தாண்டும். கார் டயரில் நாம் அடிக்கும் காற்று 30 பிஎஸ்ஐ சுமார்தான்.

அந்த நிலையில் பைப் நட்டைத் தளர்த்தினால் கேஸ் சீறிக்கொண்டு வரும். வரும்போதே மைனஸ் 26 டிகிரி வரை குளிர்ந்துவிடும். தோலில் பட்டால் தீக்காயம் போல் உறைந்துபோகும். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். பக்கத்தில் வெல்டிங் நடந்தாலோ யாராவது சிகரெட் பிடித்தாலோ, அந்தச் சூட்டில் கேஸ் சிதைந்து நச்சுப் புகையாக மாறும். செலவைக் குறைக்க எல்பிஜி கலந்த கேஸை அடித்த கார்களும் உண்டு. அது நேராகத் தீப்பிடிக்கும். கார் இரண்டு மூன்று கை மாறி வந்திருந்தால் உள்ளே என்ன கேஸ் இருக்கிறது என்று பானட் ஸ்டிக்கரை மட்டும் நம்பிச் சொல்ல முடியாது.

காற்றில் திறந்துவிட்டால் என்ன?

1990-களின் கார்களில் இருந்தது ஆர்-12 என்ற கேஸ். ஓசோன் படலத்தை அரிப்பதால், 1987 மான்ட்ரியல் ஒப்பந்தப்படி உலகமே கைவிட்டது. இந்தியா அந்த ஒப்பந்தத்தில் சேர்ந்தது 1992-ல். 2000-ல் வந்த ஓசோன் விதிகள் புதிய தயாரிப்புகளில் இதை நிறுத்தின. பிறகு வந்த ஆர்-134ஏ ஓசோனை ஒன்றும் செய்யாது. ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கார்பன் டை ஆக்சைடைவிட சுமார் 1,430 மடங்கு வலுவானது. சின்ன கார் ஒன்றில் இருக்கும் கேஸ் அரை கிலோ சுமார். அதைத் திறந்துவிடுவது 300 லிட்டர் பெட்ரோலை எரிப்பதற்குச் சமம். ஆர்-12 என்றால் இதைப்போல ஏழெட்டு மடங்கு.

ஆக, ஒர்க்‌ஷாப்பில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "அண்ணே, கேஸ் ரிகவரி மெஷின் இருக்கா?" என்பதுதான். கேஸை உறிஞ்சி சிலிண்டரில் சேர்க்கும் மெஷின் அது. கார் ஏசி வேலையை மட்டும் பார்க்கும் கடைகளிலும், கம்பெனி சர்வீஸ் சென்டர்களிலும் விசாரிக்கலாம். "லேசா நட்டை லூஸ் பண்ணி விட்டுடலாம் சார்" என்று பதில் வந்தால் வேறு கடை பாருங்கள்.

பெல்ட்டை மட்டும் எடுத்தால் போதுமா?

பலருக்குப் போதும். ஏசி கம்ப்ரசருக்குத் தனி பெல்ட் இருக்கும் கார்களில் அந்த ஒரு பெல்ட்டை மட்டும் எடுத்துவிட்டால் சத்தம் நிற்கும், கேஸ் அப்படியே உள்ளே இருக்கும், நாளைக்கு மனசு மாறினால் திரும்பப் போட்டுக்கலாம். செலவும் கிட்டத்தட்ட இல்லை.

ஒரே பெல்ட் ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப், கம்ப்ரசர் மூன்றையும் சுற்றும் கார் என்றால் கதை வேறு. அங்கே பெல்ட்டை எடுத்தால் பேட்டரி சார்ஜ் ஏறாது, தண்ணீர் சுற்றாது, கொஞ்ச தூரத்திலேயே என்ஜின் கொதிக்கும். கம்ப்ரசரை எடுத்த இடத்தில் ஐடிலர் புல்லி போட வேண்டும், அல்லது அளவு பார்த்து சின்ன பெல்ட் போட வேண்டும்.

முழுசாக எடுப்பதாக இருந்தால்

கன்டென்சரோடு இருக்கும் ஃபேனை யோசிக்காமல் கழற்றக் கூடாது. சில கார்களில் ரேடியேட்டர் சூடானால் ஓட வேண்டிய இரண்டாவது ஃபேனும் அதுதான். ஏசி போடும்போது ஐடிலிங்கைத் தூக்கிக் கொடுக்கும் சின்ன வால்வு ஒன்று பழைய கார்பரேட்டர் வண்டிகளில் இருக்கும். அதற்குப் போகும் வேக்கம் ஹோஸை மூடாமல் விட்டால் வண்டி சிக்னலில் ஆஃப் ஆகிக்கொண்டே இருக்கும். கிளட்ச் வயர் முனைகளுக்கு டேப் சுற்றி, ஏசி ஃபியூஸை எடுத்துவிடுங்கள். பைப் போன ஓட்டைகளை ரப்பர் போட்டு அடைக்க வேண்டும். இல்லையென்றால் என்ஜின் புகை உள்ளே வரும், எலியும் வரும்.

டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலை மட்டும் பெரும்பாலும் தொடாமல் விடுவதே நல்லது. புளோயர் காற்று அந்தப் பெட்டி வழியாகத்தான் கண்ணாடிக்குப் போகிறது. பெட்டியோடு தூக்கிவிட்டால் காற்று டேஷ்போர்டுக்குப் பின்னாலேயே சிதறிவிடும்.

மலை ஏறுகிற குடும்பமா?

அப்படியென்றால் இரண்டு முறை யோசியுங்கள். ஏசி குளிர்விப்பது மட்டுமில்லை, காற்றிலிருக்கும் ஈரத்தையும் பிழிந்து எடுக்கிறது. மழையில் முன் கண்ணாடியின் உள்பக்கம் படியும் பனியை நிமிஷத்தில் துடைப்பது அதுதான். திண்டுக்கல் சமவெளியில் இது பெரிதாகத் தெரியாது. ஐப்பசி மழையில், நாலு பேர் மூச்சு விடும் மூடிய காரில், சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளிலோ வத்தலக்குண்டு வழியாக கொடைக்கானலுக்கோ ஏறும்போது தெரியும். ஏசி இல்லாத காரில் கண்ணாடியை இறக்கி நனைந்துகொண்டே ஓட்ட வேண்டியதுதான். வருஷத்துக்கு நாலு முறை மலைக்குப் போகிறவர்களுக்கு கேஸ் லீக்கைக் கண்டுபிடித்துச் சரிசெய்வதே மேல். ஒரு சின்ன ரப்பர் ஓ-ரிங் தேய்ந்துகூட லீக் ஆகலாம். நைட்ரஜன் அடித்துச் சோதித்தால் இடம் தெரிந்துவிடும்.

கழற்றிய பாகங்களை அன்றைக்கே காயலான் கடைக்கு எடை போட வேண்டாம். கன்டென்சர் அலுமினியம் என்பதால் அதற்கு விலை கிடைக்கும், உண்மைதான். ஆனால் ஓடுகிற நிலையில் இருக்கும் பழைய கம்ப்ரசரை அதே மாடல் கார் வைத்திருப்பவர்கள் தேடிக்கொண்டிருப்பார்கள். அதன் இரண்டு வாயையும் உடனே மூடி வையுங்கள். உள்ளே இருக்கும் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், நாலு நாள் திறந்து கிடந்தால் அந்தக் கம்ப்ரசரும் வீண்.