தீவுக்கு அருகே ஒரு மேஜை

ஒரு வீட்டில் சமைக்கிறவர் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறார் என்று பாருங்கள். சுவரைப் பார்த்தா, சாப்பிடுகிறவர்களைப் பார்த்தா? அது தெரிந்தால் அந்த வீட்டைப் பற்றிப் பாதி விஷயம் தெரிந்துவிடும். சமைத்து முடித்த பிறகு அவர் எங்கே உட்காருகிறார் என்பதில் மீதிப் பாதி இருக்கிறது.

இன்றைய அடுக்கு வீடுகளில் பலவற்றில் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே சுவர் கிடையாது. சுவர் இருக்க வேண்டிய இடத்தில், சுற்றி வரும்படியாக ஒரு மேடை நிற்கிறது. அதை 'ஐலண்ட்' என்கிறார்கள். தீவு என்று பொருள். அந்தத் தீவுக்கு அருகே எட்டடிச் சதுரமாக ஓரிடம் மிஞ்சும். அங்கே சாப்பாட்டு மேஜை போட்டாக வேண்டும். என்ன மேஜை, எத்தனை நாற்காலி என்று கணவனும் மனைவியும் கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள். அந்த எட்டடி இடம் உண்டான கதை தெரிந்திருந்தால், கடைக்காரரிடம் அவர்கள் கேட்கிற கேள்வியே வேறாக இருக்கும்.

கதை மேல்நாட்டில் ஆரம்பமாகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் லண்டன் நகரத்துச் சீமான்களின் வீட்டில் சமையலறை பூமிக்குக் கீழே இருந்தது. புகையும் வாசனையும் எஜமானர்களின் மூக்கை எட்டக்கூடாது. வேலைக்காரர்கள் சமைத்துப் படியேறிக் கொண்டு வந்து, தனியாக இருந்த சாப்பாட்டு அறையில் பரிமாறுவார்கள். ஏழை வீட்டிலோ இந்தத் தொல்லையே இல்லை. ஒரே அறை, அதில்தான் அடுப்பு, மேஜை, படுக்கை எல்லாம். முதல் உலக யுத்தத்துக்குப் பிறகு வேலைக்காரப் பெண்கள் தொழிற்சாலைகளையும் காரியாலயங்களையும் தேடிப் போனார்கள். நடுத்தரக் குடும்பத்து எஜமானியம்மாள் தானே கரண்டியைப் பிடிக்க வேண்டிய காலம் வந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகரசபை, எர்ன்ஸ்ட் மே என்பவரின் தலைமையில் ஆயிரக் கணக்கான சிறு வீடுகளைக் கட்ட முனைந்தது. அவற்றுக்குச் சமையலறை அமைத்துக் கொடுக்க, வியன்னாவிலிருந்து மார்கரெட் லிஹோட்ஸ்கி என்ற இளம் பெண் வந்தார். 1926-ல் அவர் வரைந்த சமையலறையின் அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். ரயில் வண்டியின் உணவுப் பெட்டியில் இருக்கும் குறுகிய சமையலறையை அவர் முன்மாதிரியாகக் கொண்டார். இரண்டு எட்டு வைத்தால் அடுப்பு. கையை நீட்டினால் அரிசி, மாவு வைக்கும் அலுமினிய அறைகள். சுமார் 10,000 வீடுகளில் இது இடம் பெற்றது. நாம் இன்று 'மாடுலர் கிச்சன்' என்று சொல்வதற்கு இதுதான் பாட்டி.

அந்த அம்மாளுக்கு அப்போது சமைக்கவே தெரியாது என்பது வேடிக்கை. பிற்காலத்தில் அவரே இதை ஒப்புக்கொண்டார். ஹிட்லரை எதிர்த்து வேலை செய்து 1941-ல் பிடிபட்டு, 1945 வரை சிறையிலிருந்தவர் அவர். 2000-ம் ஆண்டில், 103 வயது நிறைவதற்குச் சில நாட்கள் இருக்கையில் காலமானார். இவ்வளவு பெரிய வாழ்க்கையில் எல்லாரும் அந்தச் சமையலறையைப் பற்றியே கேட்கிறார்களே என்று அவருக்கு அலுப்புக்கூட உண்டு.

பிராங்க்பர்ட் சமையலறை காலுக்கு ஓய்வு தந்தது. ஆனால் பேச்சுத் துணை தரவில்லை. அதில் ஒருவர்தான் நிற்கலாம். மேஜை கூடத்தில் இருந்தது. நடுவில் ஒரு தள்ளு கதவு. குழந்தைகளின் மேல் ஒரு கண் வைத்துக்கொள்ள அது உதவியது. ஆனாலும் மற்றவர்கள் கூடத்தில் சிரித்துப் பேசும்போது, சமைக்கிறவர் தனிமையில் சுவரைப் பார்த்து நின்றார். நடந்து அலைந்த தூரத்தை அளந்தவர்கள் தனிமையை அளக்கவில்லை.

சுவரை இடித்தவர்கள் பலர். அவர்களில் ஒருவர் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் பிராங்க் லாயிட் ரைட். ஹெர்பர்ட் ஜேக்கப்ஸ் என்ற பத்திரிகையாளரும் அவர் மனைவி கேதரினும் குறைந்த செலவில் வீடு கேட்டார்கள். மாடிசன் நகரத்தில் 1937-ல் முடிந்த அந்த வீட்டுக்கு, ரைட்டின் சம்பளத்தையும் சேர்த்து 5,500 டாலர்தான் ஆயிற்று. கணப்புக்குப் பின்னால் சமையலறை. அதை ஒட்டினாற்போல் சிறு ஒதுக்கிடம். அதில் ஒரு மேஜை. தனிச் சாப்பாட்டு அறை என்பதே இல்லை. இதில் சிக்கனமும் உண்டு, கருணையும் உண்டு. 2019-ல் யுனெஸ்கோ இந்தச் சிறு வீட்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் ஒன்றாகச் சேர்த்தது.

யுத்தம் முடிந்தபின் பிரான்சில், மார்சேய் நகரத்தில் லெ கார்பூசியே 337 குடியிருப்புகள் கொண்ட பெருங்கட்டடம் ஒன்றை எழுப்பினார். 1952-ல் முடிந்த அதன் சமையலறைகளை வகுப்பதில் ஷார்லோட் பெரியான் என்ற பெண்மணிக்குப் பங்கு உண்டு. சமையலறைக்கும் சாப்பாட்டு மேஜைக்கும் நடுவே சுவருக்குப் பதிலாகத் தாழ்வான அலமாரி ஒன்று வந்தது. தட்டை அதன்மேல் வைத்தால் அந்தப் பக்கத்தார் எடுத்துக்கொள்ளலாம். சமைத்துக்கொண்டே குடும்பத்தாரோடும் விருந்தாளிகளோடும் பேசலாம். நம் தீவுக்கு மிக நெருங்கிய உறவு இது.

இந்த நிலைமைக்கு ஊர் அறிய ஒரு கௌரவம் கொடுத்தவர் ஜூலியா சைல்ட். 1963-ல் பாஸ்டன் தொலைக்காட்சியில் அவர் மேடைக்குப் பின்னால் நின்று, ஜனங்களைப் பார்த்தபடி சமைத்தார். சமைக்கிறவரின் முதுகைப் பார்த்துப் பழகிய உலகம் முகத்தைப் பார்த்தது. நிகழ்ச்சியின் முடிவில் அவர் தாம் செய்ததை எடுத்துக்கொண்டு போய் மேஜையருகே உட்காருவார். அந்த உட்காருதல் முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது.

என் அண்ணன் மகள் சென்னையில் ஒரு குடியிருப்பு வாங்கினாள். தீவு இருந்தது. தீவின் ஓரத்தில் உயரமான ஸ்டூல் நான்கு வாங்கிப் போட்டாள். "சித்தப்பா, மேஜையே வேண்டாம், இடம் மிச்சம்" என்றாள். அவள் மாமியாருக்கு முழங்கால் வலி. அந்த ஸ்டூலில் ஏற முடியாது. ஆகையால் அந்த அம்மாள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் தனியாகச் சாப்பிட்டாள். சுவரில்லாத வீட்டிலும் ஒருவரைத் தள்ளி வைக்க முடிகிறது!

காரணம் சில அங்குலங்கள்தான். மேடையின் உயரம் 36 அங்குலம். அதற்கு 24 முதல் 26 அங்குல ஸ்டூல் வேண்டும். சாப்பாட்டு மேஜைக்கு உயரம் 30 அங்குலமும், நாற்காலிக்கு 18 அங்குலமும் போதும். கிழவரும் குழந்தையும் கால் தரையில் பட உட்காரலாம். அதனால்தான் தீவு இருந்தாலும் அதன் அருகே தாழ்வான மேஜை ஒன்று தேவைப்படுகிறது.

எட்டடியில் அதை எப்படி அடக்குவது? இதற்கும் முன்னோர் வழி சொல்லியிருக்கிறார்கள். 1920-களில் அமெரிக்கச் சிறு வீடுகளில் சமையலறை மூலையில் பெஞ்சு பதித்துக் காலைச் சிற்றுண்டிக்கு இடம் செய்தார்கள். சுவரோரமாகப் பெஞ்சு போட்டால் அதன் பின்னால் நடைவழி விட வேண்டியதில்லை. மறுபக்கம் மட்டும், நாற்காலிக்குப் பின்னால் 36 அங்குலம் விட்டால் ஆள் தாராளமாகப் போகலாம். மேஜைக்கு நான்கு கால்கள் வேண்டாம். மேஜை நாற்காலிகளுக்கு அடியில் காணும் கால்களின் காட்டைப் பொறுக்காத ஏரோ சாரினென், 1957-ல் ஒற்றைக் கால் வட்ட மேஜையைக் கொண்டு வந்தார். அந்த மாதிரி மேஜையானால் பெஞ்சில் இருப்பவர் முழங்காலை இடித்துக்கொள்ளாமல் நகரலாம். நாற்காலி இலேசாக இருக்கட்டும். வியன்னாவின் தோனெட் கம்பெனி 1859-ல் செய்த வளைமர நாற்காலிக்கு ஆறு மரத்துண்டுகள், பத்துத் திருகாணிகள், இரண்டு மரைகள்தான். ஒரு கையால் தூக்கி நகர்த்தலாம்.

இவையெல்லாம் கடையில் கிடைக்கும். கடையில் கிடைக்காதது ஒன்று: சமைத்தவரும் மற்றவர்களோடு உட்காருவது. நான்கு பேர் குடும்பத்துக்கு மூன்று இருக்கை போதும், நாலாவது ஆள் பரிமாறிக்கொண்டே நிற்கட்டும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் பல வீடுகளில் நடப்பது அதுதான். சுவரை இடிப்பது கொத்தனார் வேலை. அதற்கப்புறம் மிஞ்சுகிற வேலை வீட்டாருடையது.

ஜூலியா சைல்டின் சொந்தச் சமையலறை 2001-ல் வாஷிங்டன் அருங்காட்சிச் சாலைக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் மிகவும் உயரமானவர் என்பதால் அதன் மேடைகள் 38 அங்குலம். அறையின் நடுவில் தீவு எதுவும் இல்லை. அந்த இடத்தில் சாதாரண உயரத்தில் ஒரு சாப்பாட்டு மேஜையும், அதைச் சுற்றி நாற்காலிகளும் இருக்கின்றன.