மைனரும் மெண்டலும்

போன மாசம் என் மகள் கல்லூரியில் ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள். இங்கே அகமதாபாத்தில் கல்லூரியில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குத் தலசீமியா டெஸ்ட் எடுப்பது சகஜமான விஷயம். ரிப்போர்ட்டில் 'தலசீமியா மைனர்' என்று வந்தது. வழக்கமான ஞாயிற்றுக்கிழமை போனில் வாய் தவறி அம்மாவிடம் உளறிவிட்டேன்.

"மைனரா? அவளுக்குத்தான் பதினெட்டு முடிஞ்சிருச்சேடா" என்றார் அம்மா முதலில். விளக்க ஆரம்பித்ததும் 'நோய்' என்ற ஒரு வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். அரைமணி நேரத்தில் கோயம்புத்தூரிலிருந்து அக்கா போன். அக்கா பையனுக்கும் என் மகளுக்கும் தொட்டில் காலத்திலிருந்தே ஒரு பேச்சு உண்டு. "புள்ளைக்கு ஏதோ ரத்தத்துல குறையாமே? மறைக்காம சொல்லு" என்றாள்.

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வார்த்தை இல்லை என்பதுதான் உண்மை.

கொஞ்சம் கொசுவத்தி சுற்றிக்கொள்கிறேன். விருதுநகர்ப் பக்கம் தமிழ் மீடியத்தில் படித்தவன் நான். மெண்டல் என்று வாத்தியார் பெயரைச் சொன்னதும் வகுப்பே சிரித்தது. அதற்குப் பிறகு எதுவும் காதில் ஏறவில்லை. ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்பு, மூன்றுக்கு ஒன்று என்று மனப்பாடம் செய்து மார்க் வாங்கியதோடு சரி. ஓங்கு என்றால் பலமானது, ஒடுங்கு என்றால் நோஞ்சான், நாளாவட்டத்தில் அழிந்துபோகும் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். அந்த நினைப்போடு மகளின் ரிப்போர்ட்டைப் படித்தால் ஒன்றும் விளங்கவில்லை. சரி, இந்த வார்த்தைகள் யார் வாயிலிருந்து, எதற்காக வந்தன என்று முதலிலிருந்து பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். அப்படிப் பார்த்ததில்தான் விளங்கியது.

இப்போது செக் நாட்டில் இருக்கும் பர்னோ நகரத்து மடத்தில் 1856-லிருந்து ஏழெட்டு வருஷம் பட்டாணிச் செடி வளர்த்தார் மெண்டல். உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் கலந்தார். முதல் தலைமுறையில் எல்லாமே உருண்டை. சுருக்கம் காணாமல் போனது. அந்த உருண்டைகளை விதைத்து, தானாகவே மகரந்தம் சேரவிட்டார். வந்தவை 7324 விதைகள். அதில் 5474 உருண்டை, 1850 சுருங்கியவை. மூன்றுக்கு ஒன்று இதுதான்.

காணாமல் போய்த் திரும்பி வந்த குணத்துக்குத்தான் அவர் 'ரெசஸிவ்' என்று பெயர் வைத்தார். பின்வாங்குவது என்று பொருள்படும் லத்தீன் சொல். நம் ஆட்கள் அதை 'ஒடுங்கு' என்று தமிழாக்கியது எவ்வளவு பொருத்தம் என்று இப்போதுதான் உறைக்கிறது. ஆமை ஓட்டுக்குள் ஒடுங்கினால் செத்துவிட்டது என்றா அர்த்தம்? உள்ளேதான் இருக்கிறது. (இலங்கைத் தமிழ்ப் பாடப்புத்தகங்களில் 'பின்னிடைவான' என்று இருக்கும். குரோமோசோமுக்கு அங்கே 'நிறமூர்த்தம்'. சாயம் ஏற்றினால் தெரிகிற உருவம் என்பதால் 1888-இல் வால்டயர் வைத்த பெயரின் நேர் மொழிபெயர்ப்பு. நாம் குரோமோசோம் என்றே எழுதிவிட்டுப் போய்விட்டோம்.)

மெண்டல் அதோடு விடவில்லை. உருண்டை விதைகளிலிருந்து 565 செடிகளை வளர்த்துப் பார்த்தார். 193 செடிகள் உருண்டை விதை மட்டும் தந்தன. மீதி 372 செடிகளில் உருண்டை, சுருக்கம் இரண்டும் வந்தன. பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான், உள்ளே வேறு. பள்ளிக்கூடத்தில் நான் கோட்டை விட்டது இந்த 372-ஐத்தான். என் மகள் அந்த 372-இல் ஒருத்தி.

1866-இல் அச்சான கட்டுரையை யாரும் பெரிதாகச் சட்டை செய்யவில்லை. 1884-இல் மெண்டல் போய்ச் சேர்ந்தார். 1900-இல் மூன்று பேர் தனித்தனியாக அதே முடிவுக்கு வந்து, பழைய கட்டுரையைத் தூசு தட்டினார்கள். அதற்கப்புறம் பத்து வருஷத்துக்குள் கிடுகிடுவென்று வார்த்தைகள் பிறந்தன. இங்கிலாந்தில் பேட்சன் அந்த 372-க்கு 'ஹெட்டரோசைகோட்' என்று பெயர் வைத்தார்: அப்பாவிடமிருந்து ஒரு மாதிரி, அம்மாவிடமிருந்து வேறு மாதிரி. இரண்டும் ஒரே மாதிரி என்றால் 'ஹோமோசைகோட்'. மரபியல் என்று நாம் சொல்கிற 'ஜெனிடிக்ஸ்' என்ற பெயரும் அவர் வைத்ததுதான். 'ஜீன்' என்ற சொல் 1909-இல்தான் டென்மார்க்கின் யோஹான்சனிடமிருந்து வந்தது. வெளியே தெரிவதற்கு ஃபீனோடைப், உள்ளே இருப்பதற்கு ஜீனோடைப் என்று பிரித்ததும் அவரே. மரபணு என்ற சொல்லே இல்லாமல் மெண்டல் இவ்வளவும் கண்டுபிடித்திருக்கிறார் பாருங்கள்.

இந்த இடத்தில் நம்மூர்க் காதுக்குப் பழக்கமான ஒருவர் வருகிறார். ஓங்கு பண்பு என்றால் நாளடைவில் ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு அது வந்துவிட வேண்டாமா என்று 1908-இல் ஒரு கேள்வி கிளம்பியது. குட்டை விரல்தான் அன்றைய உதாரணம். கேம்பிரிட்ஜில் பன்னட் என்பவர் தன் கணித நண்பரிடம் இதைக் கொண்டு போனார். அந்த நண்பர் ஹார்டி. ஆமாம், பின்னாளில் நம் ராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்த அதே ஹார்டி. இதெல்லாம் வாய்ப்பாட்டுக் கணக்கு என்ற தோரணையில் 'சயின்ஸ்' பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். பெரிய கூட்டம், யாரும் இந்தக் குணத்தைப் பார்த்துத் துணை தேடுவதில்லை, அந்தக் குணத்தால் யாருக்கும் லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை என்றால், ஓங்கு பண்பு தானாகப் பெருகாது, ஒடுங்கு பண்பு தானாக அழியாது. அதே வருஷம் ஜெர்மனியில் வைன்பர்க் என்ற டாக்டரும் இதையே சொன்னார். இதைப் படித்ததும் என்னுடைய 'நோஞ்சான்' கொள்கை காலி.

இனி ரிப்போர்ட்டுக்கு வருகிறேன். 1925-இல் அமெரிக்காவில் கூலி என்ற குழந்தை மருத்துவர், கடுமையான ரத்தசோகையோடு வந்த குழந்தைகளைப் பற்றி எழுதினார். ஆரம்பத்தில் தெரிந்த நோயாளிகள் பெரும்பாலும் மத்தியதரைக் கடல் பக்கத்து வம்சாவளி என்பதால், 1932-இல் கடலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'தலசீமியா' என்ற பெயர் வந்தது. 1944-இல் வாலன்டைன், நீல் இருவரும் இரண்டு மரபணுவும் பழுதானவர்களுக்கு 'மேஜர்', ஒன்று மட்டும் பழுதானவர்களுக்கு 'மைனர்' என்று பிரித்தார்கள். பேட்சனின் இரண்டு வார்த்தைகளேதான், ஆஸ்பத்திரி பாஷையில். மேஜர் குழந்தைக்கு ரெண்டு மூணு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும். மைனர் என்பது நோயாளி இல்லை. சிவப்பணு கொஞ்சம் சிறியதாக இருக்கும், ஹீமோகுளோபின் லேசாகக் குறையலாம், அவ்வளவுதான். நோய் என்ற கணக்கில் பார்த்தால் இது ஒடுங்கு பண்பு. சிறிய சிவப்பணு என்ற கணக்கில் பார்த்தால் ஒற்றை மரபணுவே வெளியே தெரிகிறது. ஓங்கு, ஒடுங்கு என்பது நாம் எதைப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது!

நானும் மனைவியும் டெஸ்ட் எடுத்தோம். ஹீமோகுளோபின் ஏ2 அளவு எனக்குத்தான் கூடுதலாக வந்தது. சின்ன வயதில் "சோகை பிடிச்ச பய" என்று டப்பா டப்பாவாக இரும்பு டானிக்கும் முருங்கைக்கீரையும் கொடுத்து வளர்த்தார் அம்மா. உடம்பில் இரும்பு குறைந்தால் வரும் சோகைக்குத்தான் இரும்பு. இது அந்தச் சோகையே இல்லை என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். சொந்தத்தில் கொடுப்பதில் எனக்கு இஷ்டம் இல்லை. அம்மாவிடம் சொல்லத் தைரியம் இல்லாமல் "படிக்கட்டும், பார்ப்போம்" என்று தள்ளிக்கொண்டே இருந்தேன். ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு "டாக்டரே வேண்டாம்னுட்டார்" என்று சொல்லித் தப்பிக்கலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். ஆனால் அது பொய். அக்கா பையனுக்கு இது இல்லையென்றால், பிறக்கும் எந்தக் குழந்தைக்கும் மேஜர் வராது. அவனும் மைனர் என்றால்தான் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. எனக்கு இது அம்மா அப்பா யாரோ ஒருவரிடமிருந்து வந்தது என்றால் அக்காவுக்கும் வந்திருக்க இரண்டில் ஒன்று வாய்ப்பு. ஒரே கிளையில் ஒரே பழுது இருக்கும் வாய்ப்பு அதிகம் என்பதால்தான் சொந்தத்தில் இதைப் பார்க்கச் சொல்கிறார்கள். வெளியில் கொடுத்தாலும் மாப்பிள்ளைக்கு இந்த டெஸ்ட் எடுக்கத்தான் வேண்டும். முக்கியமாக இங்கே, சிந்திகள் குஜராத்திகள் மத்தியில் இது சாதாரணமாகவே கூடுதல்.

எனவே இன்னொரு ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்குப் போன் போட்டு, 7324 பட்டாணியிலிருந்து ஆரம்பித்தேன். நடுவில் ரெண்டு தடவை "விஷயத்துக்கு வாடா" என்றாள். கடைசிவரை கேட்டாள். அவள் பையனுக்கும் என் மகளுக்கும் உள்ள கல்யாண விஷயத்தை, இஷ்டம் இல்லை என்பதை, தனியாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"சரி, அது வேற. அவனை டெஸ்ட் எடுக்கச் சொல்றேன்" என்றாள்.

"முதல்ல நீ எடுத்துக்கோக்கா."

"எனக்கு எதுக்குடா? எனக்குத்தான் ரத்தம் கம்மின்னு சின்ன வயசுல இருந்தே சொல்றாங்களே."

"அதனாலதான்க்கா" என்றேன்.